முனியாண்டியின் லோரியும் நாற்பத்தாறு குரோமோசோமும்

போன மாதம் எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கின் கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கவிதா தொலைபேசியில் அழைத்தாள். ஈப்போ ஆய்வுக்கூடத்தில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்.

"அக்கா, புது மெஷின் வந்துருச்சு. அதுவே குரோமோசோமைப் படம் எடுக்குது, அதுவே பிரிக்குது, அதுவே ஜோடி சேத்து அடுக்கி வச்சிருது. நாங்க சரி பாத்தா போதும்லா. நீங்கல்லாம் இதைக் கையாலயா செஞ்சீங்க?"

கத்தரிக்கோலால் வெட்டிப் பசை தடவி ஒட்டினோம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. "நீங்க அந்தக் கதையெல்லாம் எழுதித் தாங்க அக்கா" என்றாள். எழுதித் தருகிறேன். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் பாக்கியம். இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் பிறந்தேன். அப்பா தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலாலம்பூர் வெக்கையில் வெந்தேன், ஊருக்குப் போகிறேன் என்று அழுதேன், எப்படியோ தேறினேன். ஈப்போவில் வேலை கிடைத்தபோது, மலையைப் பார்க்கலாம் என்கிற ஒரே காரணத்துக்காக ஒப்புக்கொண்டேன். வேலையின் மேல் ஆசை பிறகுதான் வந்தது. வந்த ஆசை இன்னும் போகவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் ஒரு செல்லுக்குள் இருக்கிற டிஎன்ஏ நூலை எல்லாம் சேர்த்து நீட்டினால் ஆள் உயரத்தைத் தாண்டும். அது கிடக்கிற இடமோ கண்ணுக்கே தெரியாத பொட்டு. சிக்கு விழாமல் அதை உள்ளே வைத்திருப்பது புரதங்கள். ஹிஸ்டோன் என்று ஒரு வகை. எட்டு ஹிஸ்டோன்கள் கூடி ஒரு நூல்கட்டை போல உட்காரும். நூல் அதை இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றி, அடுத்த கட்டைக்குப் போகும். நூலுக்கு எதிர்மின்னேற்றம், ஹிஸ்டோனுக்கு நேர்மின்னேற்றம், அதனால் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். செல் இரண்டாகப் பிரியப் போகிற சமயத்தில் கண்டென்சின் என்கிற இன்னொரு வகைப் புரதம் வந்து, சுற்றிய நூலை வளையம் வளையமாக இழுத்து இறுக்கும். அப்போதுதான் அந்த நூல் நாற்பத்தாறு குரோமோசோம்களாக, குட்டையாகத் தடித்து மைக்ரோஸ்கோப்பில் தெரியும். மற்ற நேரத்தில் எட்டிப் பார்த்தால் மங்கலாக ஒரு வட்டம், அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து செல்லைப் பிடித்து நிறுத்துவதுதான் எங்கள் வேலை. ரத்தத்தில் சில சொட்டுகளை ஊட்டச்சத்து நீரில் விடுவோம். சிவப்பு பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த ஒரு சத்தைச் சேர்ப்போம். அது பட்டால்தான் தூங்குகிற வெள்ளை அணுக்கள் விழித்துக்கொண்டு பிரிய ஆரம்பிக்கும். உடம்புச் சூட்டிலேயே பெட்டியில் மூன்று நாள் வைத்திருந்து, பிரிதலைப் பாதியில் நிறுத்துகிற மருந்தை விடுவோம். பிறகு செல்கள் ஊதுவதற்கு நீர்த்த உப்புக் கரைசல், அப்புறம் மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும். கடைசியில் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டை மேலிருந்து விடவேண்டும். மழை நாளில் அந்தச் சொட்டு ஒரு மாதிரி பரவும், வெயில் நாளில் வேறு மாதிரி. தகட்டின் மேல் வாயால் ஊதி ஈரம் ஏற்றுகிறவர்களும் உண்டு. நானும் ஊதியிருக்கிறேன்.

அடுத்ததுதான் கைப்பக்குவம். டிரிப்சின் என்று ஒரு கரைசல். நம் குடலில் புரதத்தைச் செரிக்கிற அதே சரக்கு. அதில் தகட்டை நனைத்து எடுத்தால், குரோமோசோமின் புரதம் கொஞ்சம் கரையும். பிறகு சாயம் போட்டால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகளைப் பார்த்துத்தான் எது எந்தக் குரோமோசோம் என்று சொல்கிறோம். நனைத்தது போதாவிட்டால் எல்லாம் ஒரே கறுப்பு. கூடிப்போனால் குரோமோசோம் தண்ணீரில் ஊறிய அப்பளம். எவ்வளவு நேரம் என்று கவிதா கேட்பாள். அன்றைக்குத் தகடு கேட்கிற நேரம்.

இதையெல்லாம் எனக்குக் காட்டித் தந்தவர் டாக்டர் லிம். பிரிஞ்சாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். கடைக்கு வந்த தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவர். படித்த தமிழ் அவருக்கு வராது, தோட்டத்து வரிசை வீடுகளில் நாங்கள் பேசுகிற லயத்துத் தமிழ்தான் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று "நீ எந்த டிவிஷன்லா?" என்று, தோட்டத்தில் எந்தப் பிரிவு என்று லயத்து ஆள் விசாரிப்பதுபோல் கேட்டபோது திகைத்துப்போனேன். அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பக்கத்தில் குட்டை முக்காலியைப் போட்டு உட்காருவார். மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்க மாட்டார். என் முகத்தைத்தான் பார்ப்பார்.

"என்னா இருக்கு?"

"எல்லாம் சரியா இருக்கு டாக்டர்."

"நீ பாத்தியா, நெனச்சியா?"

இந்த ஒரு கேள்வியில் எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள் தெரியுமா. பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், எழுந்து போய்விடுவார். மேலே ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவர் நம்பிவிட்டாரே என்கிற பயத்தில் நாங்களே மறுபடியும் ஒரு முறை பார்ப்போம். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதுகூட அந்தக் கேள்வி காதில் விழுகிறது.

இனி முனியாண்டிக்கு வருகிறேன். மலையில் கோலா தெர்லாவிலிருந்து கீழே ஈப்போ சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே குடியிருந்தான். மனைவி சாந்தி அதே தோட்டத்தில் தேயிலை பொட்டலம் கட்டுகிற பிரிவில் வேலை. அம்மா பெரியநாயகி வயதாகும்வரை தேயிலைக் கொழுந்து எடுத்தவர், அப்பா எப்போதோ இறந்துவிட்டார். சாந்திக்கு மூன்று முறை கரு தங்கி மூன்றும் கலைந்துவிட்டது. டாக்டர்கள் அவளுடைய ரத்தத்தை எங்களுக்கு அனுப்பினார்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை. அடுத்தது புருஷன்.

ஆண்கள் இந்த இடத்தில்தான் காணாமல் போவார்கள். முனியாண்டி காணாமல் போகவில்லை. மலை மேல் இருக்கிற கிளினிக்கில் தானே போய்க் கை நீட்டியிருக்கிறான். அன்றைக்கு ரத்தம் ஏற்றிவரும் வண்டி முன்னமே கிளம்பிவிட்டது. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டுவிட்டான். காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றபோது கையில் ஸ்ட்ராபெரி அனுப்புகிற வெள்ளைப் பெட்டி. திறந்தால் முழுக்க ஐஸ். ஐஸுக்கு நடுவில் கோபிஸ் இலை, அதாவது முட்டைக்கோஸ். இலையைப் பிரித்தால் ரத்தக் குழாய்.

"அக்கா, ஒரு பொட்டு வாடல. மலை இறங்கினதும் சிம்பாங் பூலாய்ல நிறுத்தி ஐஸ் மாத்தினேன்" என்றான். முகத்தில் அவ்வளவு பெருமை.

மலையில் இருக்கிறவர்களுக்கு, கீழே போகிற எந்தப் பொருளும் வாடக்கூடாது. பூவானாலும் பீன்ஸானாலும் ஐஸ் போட்டால் கெடாது. அவன் சாமானை எப்படி மதிப்பானோ அப்படியே ரத்தத்தையும் மதித்திருக்கிறான். எங்களுக்கு வேண்டியதோ உயிரோடு இருந்து பெருகுகிற வெள்ளை அணுக்கள், ஐஸில் அவை செத்துப்போகும். டாக்டர் லிம் பெட்டியை எட்டிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஆனாலும் அதை வைத்துப் பார்த்தோம். ஒன்றும் வளரவில்லை. அடுத்த லோரி இறங்கிய அன்று அவனை வரச்சொல்லி, இன்னொரு முறை ரத்தம் வேண்டும், இங்கேயே எடுத்துக்கொள்கிறோம் என்றேன். அவன் சட்டைக் கையை மடக்கவில்லை. அப்படியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"எவ்ளோ நாள் ஆவும்க்கா?"

"ஏன், என்ன அவசரம்?"

"தைப்பூசம் கழிஞ்சதும் அம்மா எனக்கு வேற பொண்ணு பேசி முடிக்கப் போவுது. திரிங்காப்ல, பூத்தோட்டத்து வீடு. நான் மாட்டேங்கறேன். சாந்திதான் பண்ணிக்கோங்கனு சொல்றா. நான் ராசியில்லாதவ, உங்க வம்சத்தை ஏன் கெடுக்கணும்னு சொல்றா. அம்மா சொல்லிச் சொல்லி அவளே நம்பிட்டாக்கா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கிழவியை நேரில் பார்த்தால் நாலு கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் கையை நானே மடக்கிவிட்டு ரத்தம் எடுக்க உட்காரவைத்தேன்.

டாக்டர் லிம் அதை இரண்டு குப்பிகளில் போடச் சொன்னார். ஒன்றை வழக்கம் போல நிறுத்து, இன்னொன்றை இன்னும் முன்னாலேயே நிறுத்து என்றார். காரணம் அப்போது சொல்லவில்லை. முதல் குப்பியின் தகடுகள் அருமையாக வந்தன. செல் செல்லாக எண்ணினேன், ஜோடி சேர்த்தேன். நாற்பத்தாறும் சரி. முக்காலி பக்கத்தில் வந்தது.

"என்னா இருக்கு?"

"சரியாத்தான் தெரியுது டாக்டர். ஆனா எல்லாம் ரொம்பக் குட்டையா இருக்கு. நுனி இருக்கிற இடம் எனக்குத் தெளிவா இல்ல."

"அப்ப நீ பாக்கல. நல்லது. மத்தக் குப்பியைப் பாரு."

புரதங்கள் முழுதாக இறுக்கிவிட்டால் நான்கைந்து மெல்லிய பட்டைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த பட்டையாகத் தெரியும். அதற்குள் ஒரு துண்டு இடம் மாறியிருந்தாலும் கண்ணுக்கு அகப்படாது. இறுக்குகிற வேலை பாதியில் இருக்கும்போதே செல்லை நிறுத்தினால் குரோமோசோம் நீளமாக, பட்டைகள் தனித்தனியாகத் தெரியும். ஆனால் அவை ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டு கிடக்கும். நல்லதாக ஒரு செல் கிடைப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். அப்படிக் கிடைத்த செல்லில்தான் பார்த்தேன். நான்காம் குரோமோசோம் ஜோடியில் ஒன்றின் நுனி அதன் நுனியாக இல்லை. இருபதாம் ஜோடியில் ஒன்றுக்கு வால் மாறியிருந்தது. இரண்டும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. அடுத்த செல்லிலும் அதுவே, அதற்கடுத்ததிலும் அதுவே.

"டாக்டர், பாத்தேன்" என்று நானாகவே போய்ச் சொன்னேன். அவர் வந்து, என் வேலைக்காலத்தில் எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, நான் சொன்னதும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

முனியாண்டியையும் சாந்தியையும் கூப்பிட்டு டாக்டர் லிம் சொன்னார். தமிழில் தடுமாறுகிற இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். முனியாண்டிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, எல்லாத் துண்டும் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. பிள்ளைக்குப் பாதிதான் போகும், அப்போது கணக்கு ஏறுமாறாகிவிடலாம், அதனால்தான் கலைகிறது, எல்லாப் பிள்ளையும் அப்படி ஆகவேண்டும் என்பதில்லை என்றார். அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப இவ மேல ஒண்ணும் இல்லயா டாக்டர்?"

"இவங்க மேல ஒண்ணும் இல்ல."

அவன் சிரித்தான். பிறகு அழுதான். சாந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்காக வருத்தப்படுவதா, தனக்காகச் சந்தோஷப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கிளம்பும்போது அவன் என்னிடம், "வீட்டுக்கு வாங்கக்கா. நான் மட்டும் சொன்னா அம்மா நம்பாது, பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறேன்னு சொல்லும்" என்றான். டாக்டர் லிம் போய்விட்டு வா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். லயத்து வீட்டு முன்னறையில் பெரியநாயகி அம்மா எனக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வைத்தார். நாலு கேட்கவேண்டும் என்று வந்தவள் நான், அவர் தேநீரைக் குடித்துக்கொண்டு எப்படிக் கேட்பது. ஹிஸ்டோன், கண்டென்சின் என்று நான் ஆரம்பித்ததும் அவர் முகம் மூடிக்கொண்டது. முனியாண்டி குறுக்கே புகுந்தான்.

"அம்மா, இப்பிடி வச்சிக்கோ. ரெண்டு கடைக்குச் சாமான் ஏத்தறோம். ஒவ்வொரு கடைக்கும் ரெண்டு கட்டு, ஆக நாலு கட்டு, நாலும் ஒரே லோரில. ஏத்தும்போது இந்தக் கடைக் கட்டுல ஒண்ணுலேருந்து ஒரு தக்காளிக் கூடை அந்தக் கடைக் கட்டுக்குப் போயிருச்சு, அங்க இருந்த பீன்ஸ் கூடை இங்க வந்துருச்சு. லோரில சாமான் குறையல. அந்த லோரிதான் நான். இப்ப பாதிச் சாமானை இன்னொரு லோரிக்கு மாத்தறோம். ஒவ்வொரு கடைக் கட்டுலயும் ஒண்ணு போவணும். மாறுன கட்டு ரெண்டும் சேந்து போனா ஒண்ணும் தெரியாது. ஒண்ணு மட்டும் போனா, அந்த லோரில தக்காளி ரெட்டிப்பா இருக்கும், பீன்ஸ் இருக்காது. அந்த லோரிதான் பிள்ளை. தப்பு ஏத்துன இடத்துலம்மா. சாந்தி இறக்கி வாங்குற கடைக்காரி மாதிரி. அவ என்ன பண்ணுவா?"

நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்ல நான் ஈப்போவிலிருந்து ஏறி வந்திருக்கவே வேண்டியதில்லை.

அம்மா பிஸ்கட் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு கேட்டார்.

"உனக்கு எங்கேருந்துடா வந்துச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். "சிலருக்குப் புதுசா வரும்மா. நெறைய பேருக்குப் பெத்தவங்க ஒருத்தர்கிட்டேருந்து வரும்" என்றேன்.

"இவனுக்கு முன்னால எனக்கும் மூணு போச்சு. ஒண்ணு மலையில கொழுந்து எடுக்கறப்பவே போச்சு."

"எங்கிட்ட சொன்னதே இல்லயேம்மா" என்றான் முனியாண்டி.

"யார்கிட்ட சொல்றது. எம் மாமியா, உங்க அப்பாயிதான், ராசியில்லாதவனு சொல்லிச்சு. ஆமாம்போலனு இருந்துட்டேன்." அவர் ரவிக்கைக் கையைத் தள்ளிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "என் ரத்தத்தையும் எடுத்துப் பாரும்மா. நானானு எனக்குத் தெரியணும்."

மலை இறங்கினால் அவருக்கு வாந்தி. அதனால் கிளினிக்கில் எடுத்து, முனியாண்டியிடமே கொடுத்தனுப்பினார்கள். இந்த முறை குழாய் அவனுடைய சட்டைப் பையில், மேலே பொத்தான் போட்ட ஜாக்கெட்டுக்குள் வந்தது. எடுத்துக் கொடுத்தபோது இளஞ்சூடாக இருந்தது. "கோழிக்குஞ்சு மாதிரி கொண்டாந்தேன்க்கா" என்றான்.

இரண்டு குப்பிகளிலும் தேடினேன். நான்காம் ஜோடியையும் இருபதாம் ஜோடியையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கொழுந்து பறித்துக் காய்த்த அந்தக் கையிலிருந்து வந்த நாற்பத்தாறும் அப்பழுக்கில்லாமல் நின்றன.

பிறகு சாந்திக்குக் குழந்தை பிறந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பிறந்தது, ஒரு பெண். வயிற்றில் இருக்கும்போதே அதன் குரோமோசோமை நான்தான் பார்த்தேன். அப்பனைப் போலவே துண்டு இடம் மாறி, ஆனால் எதுவும் கூடாமல் குறையாமல் இருந்தது. இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டு ஊரையே இரண்டாக்குகிறது. ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது அதற்கு முந்தைய ஒரு மத்தியானம்.

பெரியநாயகி அம்மாவிடம் முடிவைச் சொல்ல டாக்டர் லிம்மும் என்னோடு மலையேறி வந்தார். என் ஊர்தானே என்றார். அதே முன்னறை. அம்மா, முனியாண்டி, சாந்தி, நாங்கள் இருவர்.

"அம்மா, உங்க நாப்பத்தாறும் சரியா இருக்கு. நான் நெனக்கல, பாத்தேன்" என்றார் டாக்டர் லிம்.

"அப்ப இவன் அப்பாதானா?"

"அவரு ரத்தம் இல்லாம நான் எப்பிடிலா சொல்றது. இவனுக்குப் புதுசாவும் வந்திருக்கலாம். ஆனா இவனுக்கு வந்தது உங்ககிட்டேருந்து இல்ல."

அம்மா தலையை ஆட்டினார். கண் கலங்கியது. "மூணு பிள்ளை போனப்புறமும் அவருதான்னு எனக்குத் தோணவே இல்ல. பாவம், தெரியாமலே போயிட்டாரு. தெரிஞ்சிருந்தா மனசு ஒடிஞ்சிருப்பாரு" என்றார். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. இத்தனை வருஷம் பழியைச் சுமந்தவர் இவர், இப்போதும் செத்துப்போன மனுஷனுக்காகத்தான் இரங்குகிறார். ஆனால் அந்தக் கோபத்தோடேயே அவர் மேல் பிரியமும் வந்துவிட்டது, என்ன செய்ய.

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது வெளியே போகிற சேலை கட்டியிருந்தார்.

"லோரியை எடுடா. திரிங்காப் போவணும்."

"எதுக்கும்மா? வேணாம்னு போன்ல சொல்லிடலாம்."

"பொண்ணு கேட்டுப் போனவ நான். நானே போய்தான் சொல்லணும். மருமவ ராசியில்லாதவனு அந்த வீட்டுல நாலு பேர் முன்னால சொல்லியிருக்கேன். அது பொய்யி, கோளாறு எம் மவன் பக்கம்னு அதே நாலு பேர் முன்னால சொல்லிட்டு வரேன்."

அதுவரை கதவோரம் நின்றிருந்த சாந்தி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்கு? உனக்குச் சங்கடம்" என்றார் அம்மா.

"அவங்க உங்களை ஏதாச்சும் சொல்லுவாங்க அத்தை. நீங்க தனியா நின்னு கேக்க வேணாம்."